வலி மாத்திரையும் வயிற்றுப் புண்ணும்: கேளுங்கள், சொல்கிறேன்

(கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவர்களின் ஊர்.)

ரங்கூன்: அண்ணே, அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதே?

ஆகும், தம்பி. இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் காப்பது அதன்மேல் படிந்த சளிப்படலம். அதைச் சுரக்க வைப்பது உடலே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வீக்கத்தையும் வலியையும் கிளப்புவதும் அதே வகைப் பொருள்தான். இந்த மாத்திரைகள் அதை உண்டாக விடாமல் தடுக்கின்றன என்று 1971-இல் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். வலியோடு சேர்த்துக் காவலும் போய்விடுகிறது. மருந்து ரத்தத்தில் கலந்த பின்னும் இது நடப்பதால், சோறு எரிச்சலைத்தான் குறைக்கும், புண்ணைத் தடுக்காது. 65 தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சேர்க்கலாமா, பூசும் ஜெல்லே போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பெகு: ஊசியாகப் போட்டால்?

அதுவும் ரத்தம் வழிதான். வயிறு தப்பாது.

தட்டோன்: கடையில் கட்டித் தருகிற பொட்டல மாத்திரை ஒரே வேளையில் கேட்கிறது. வயல் வேலைக்குப் போகிற எல்லாரும் அதைத்தான் வாங்குகிறோம்.

அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். பெயரில்லாத நாலைந்து மாத்திரை, வெள்ளை, மஞ்சள், குட்டிப் பச்சை. பல பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கிறது. சட்டென்று கேட்பது அதனால்தான். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரவும் ரத்தம் கசியவும் வாய்ப்பு பல மடங்கு. தயவுசெய்து வாங்காதீர்கள். மாதக்கணக்கில் தின்றவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாந்தலே: புண் வருவது மிளகாயால். மாத்திரைமேல் ஏன் பழி?

மிளகாய் எரிக்கும், புண் போடாது. பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் இரண்டு: வலி மாத்திரை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அந்தக் கிருமியைக் கண்டு சொன்ன வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது.

மாந்தலே: எங்கள் தாத்தா ஊறுகாயை விட்டதும் வலி போச்சே?

வலி போனதா, புண் போனதா? வலி மாத்திரையால் வரும் புண் பலருக்கு வலிக்கவே வலிக்காது. மலம் தார்போலக் கறுத்துப் போவதுதான் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்; கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாத்தா அப்போது மாத்திரையையும் விட்டாரா என்று வீட்டில் விசாரியுங்கள்.

ரங்கூன்: உறை போட்ட மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு...

முதல் பதிலைப் படியுங்கள். உறை குடலில் கரைந்தாலும் மருந்து சேருமிடம் ரத்தம்.

பெகு: இதயத்துக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறேன். நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அதோடு பொட்டல மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

தட்டோன்: பிள்ளைக்கு மழைக்காலக் காய்ச்சல். இபுப்ரோஃபென்?

அதுவும் இந்த வகை வலி மாத்திரைதான். டெங்கு இல்லையென்று தெரியும்வரை கொடுக்காதீர்கள். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும்.