முதல் இன்டர்னல் தேர்வில் மகள் தவறியதால் கலங்கும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 548 மதிப்பெண் எடுத்த உங்கள் மகள், பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவில் சேர்ந்த இரண்டு மாதங்களுக்குள் நடந்த முதல் இன்டர்னல் தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் தேர்ச்சி பெறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாடப்பிரிவை மாற்றிவிடலாமா, வெளியே டியூஷனுக்கு ஏற்பாடு செய்யலாமா, கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் மகளின் அறிவோ உழைப்போ இந்த இரண்டு மாதத்தில் குறைந்துபோகவில்லை என்பதை உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன். அவரைச் சுற்றியிருந்த ஓர் ஏற்பாடுதான் இல்லாமல் போயிருக்கிறது.

பள்ளியில் அவர் எப்படிப் படித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் பள்ளி தொடங்குவதற்கு முன் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் இன்னொன்று. முந்தைய நாள் நடத்திய பாடத்தில் மறுநாளே ஸ்லிப் டெஸ்ட், வார இறுதியில் ஒரு தேர்வு, பிறகு காலாண்டு, அரையாண்டு, அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள். எந்தப் பாடத்தை எப்போது படிக்க வேண்டும், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும், எங்கே பலவீனமாக இருக்கிறோம் என்பதையெல்லாம் ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். விடைத்தாளைத் திருத்திக் கொடுத்து, தவறியவர்களை மறுபடியும் எழுத வைத்தார்கள். மாணவி செய்ய வேண்டியது சொன்ன நேரத்தில் உட்கார்ந்து எழுதுவது மட்டுமே. கல்லூரியில் ஒரு பேராசிரியர் சில வாரங்களில் ஓர் அலகை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். இடையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. நேரடியாக இன்டர்னல் தேர்வுதான் வந்து நிற்கிறது. பள்ளியில் பிறர் செய்து கொடுத்த வேலையை இனித் தானே செய்துகொள்ள வேண்டும் என்பதை முதலாமாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முதல் பருவத்தில் நிகழும் சறுக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

பள்ளியின் அந்த அன்றாடத் தேர்வுகளை வெறும் மனப்பாடப் பயிற்சி என்று பலர் குறைத்துப் பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்தபின் அதைப் பார்க்காமல், நினைவில் நின்றதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். 2013இல் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாட்களுக்கிடையே பிரித்து வைத்துக்கொள்வதும் மிகுந்த பயன் தருவன என்று கண்டார்கள். வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுவதையும் திரும்பத் திரும்ப வாசிப்பதையும் குறைந்த பயனுடையவற்றில் சேர்த்தார்கள். உங்கள் மகள் இரவு பன்னிரண்டு மணி வரை கண்விழித்துப் படிப்பதாகவும், ஆனால் தேர்வறையில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை என்று அழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நோட்டைத் திறந்து வைத்து மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறார் என்றே நான் ஊகிக்கிறேன்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது படிக்கும் நேரத்தின் அளவை அன்று, அந்த நேரத்துக்குள் நடக்கும் வேலையை. வகுப்பு நடந்த அன்று மாலையே, ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது நிமிடம் ஒதுக்கி, நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்று நடத்தியதில் நினைவிருப்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின் நோட்டைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதே தலைப்பை மறுபடியும் தாள் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், அந்த வாரம் நடந்த எல்லாப் பாடங்களிலிருந்தும் பழைய வினாத்தாள்களின் கேள்விகளை எடுத்து, கடிகாரம் வைத்துத் தேர்வு போலவே எழுத வேண்டும். தொடக்கத்தில் பாதித் தாள் காலியாகவே இருக்கும். அது மனதை மிகவும் சோர்வடையச் செய்யும். அந்தச் சோர்வைத் தாண்டி முதல் சில வாரங்கள் தொடர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் அன்போடு வலியுறுத்துங்கள்.

குறிப்பெடுக்கும் முறையையும் இதற்கேற்ப மாற்றலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற கல்வியாளர் 1950களில் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தாளின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு வலப்பக்கத்தில் வகுப்புக் குறிப்பை எழுதுகிறோம். மாலையில் இடப்பக்கத்தில் அந்தக் குறிப்பிலிருந்து எழும் கேள்விகளை எழுதுகிறோம். அடியில் இரண்டு வரியில் சுருக்கம். பின்னர் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்தெழுதிய நோட்டு, தேர்வுக்கு முந்தைய இரவில் திறக்கும்போது பெரும்பாலும் யாரோ எழுதியதைப் போலத் தோன்றும். கேள்விகளோடு எழுதிய நோட்டில் அந்த அந்நியம் இருக்காது.

கணிதத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு திறன், வெற்றுத்தாளில் தானே தொடங்குவது வேறொரு திறன். விடையை மூடி வைத்து முதல் வரியையாவது தானே எழுத முயல வேண்டும். ஐந்து நிமிடம் போராடியும் நகரவில்லை என்றால் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதற்கும் இதுவே முறை. நண்பரின் நிரலைப் படியெடுக்காமல், இதை இயக்கினால் என்ன விடை வரும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு கணினியில் தட்டச்சு செய்து சரிபார்க்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர் என்பதால் அவருக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. அதை அவருடைய குறையாக யாரும் சொல்ல நீங்கள் அனுமதிக்கக் கூடாது. அணிக்கோவை, வகைக்கெழு, தொகையீடு, நிலைமத் திருப்புத்திறன் ஆகிய எல்லாவற்றையும் அவர் பள்ளியில் நன்றாகவே படித்திருக்கிறார். வகுப்பில் டிடர்மினன்ட், டெரிவேட்டிவ், இன்டகிரல், மொமன்ட் ஆஃப் இனர்ஷியா என்று காதில் விழும்போது, தெரிந்த பொருளே தெரியாததாகிவிடுகிறது; அவர் அதை யோசித்து முடிப்பதற்குள் ஆசிரியர் மூன்று வரி தாண்டிவிடுகிறார். நூறு பக்க நோட்டு ஒன்றில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தாம் படித்த தமிழ்ச் சொல், அடியில் சிறு படமோ சூத்திரமோ என்று எழுதி வரட்டும். மறுநாள் நடக்கப்போகும் தலைப்பை முந்தைய இரவில் பத்து நிமிடம் புரட்டி, புதிய சொற்களை மட்டும் அந்த நோட்டில் ஏற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனால், கேட்பது எவ்வளவு எளிதாகிறது என்பதை அவரே உணர்வார். அவருடைய பள்ளிப் பாடநூல்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விடுதிக்கு அனுப்பி வையுங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது. சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டாலும் விளக்கும் ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். வகுப்பு முடிந்தவுடன் கதவருகே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கும் பழக்கத்தை அவர் தொடங்கட்டும்.

இன்டர்னல் மதிப்பெண்தானே, செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர் மாணவர்கள் சொல்லியிருப்பார்கள். அது தவறான வழிகாட்டுதல். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீட்டுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேர்ச்சிக்கு இரண்டும் சேர்ந்து 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். அகமதிப்பீட்டில் 30 வைத்திருப்பவர் செமஸ்டர் தேர்வில் 100க்கு 45 எடுத்தாலே தேறிவிடுவார். 10 மட்டுமே வைத்திருப்பவர் 67 எடுத்தாக வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தாலோ, அவருடைய ஆண்டுக்குப் புதிய ஒழுங்குமுறை பொருந்தினாலோ இந்தக் கணக்கு மாறலாம். ஒழுங்குமுறைக் கையேட்டை வகுப்பு ஆலோசகரிடம் கேட்டு வாங்கி, மகளும் நீங்களும் சேர்ந்து படியுங்கள். அசைன்மென்ட்டையும் ஆய்வக ரெக்கார்டையும் அந்தந்த வாரமே முடித்துவிட வேண்டும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். கடைசி வாரத்தில் மொத்தமாக ரெக்கார்டு எழுத உட்காருபவர்கள், படிக்க வேண்டிய இரவுகளைப் படியெடுப்பதில் இழந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கைப்பேசியைப் பறிக்க வேண்டாம். வகுப்பு அறிவிப்புகளும் பாடக்குறிப்புகளும் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. மேலும், விடுதியில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது வீட்டோடு இருக்கும் தொடர்பு. மாலையில் படிக்கும் நேரத்தில் மட்டும் அதை அணைத்து, கைக்கு எட்டாத அலமாரியில் வைக்கட்டும். டியூஷனுக்கு இப்போது செலவழிக்க வேண்டாம். ஏற்கெனவே ஏழெட்டு மணி நேரம் பிறர் விளக்குவதைக் கேட்பவர், மேலும் ஒரு மணி நேரம் கேட்பதால் தானே எழுதிப் பார்க்கும் நேரம்தான் குறையும். கணிதத்தில் வரும் கேலி-ஹாமில்டன் தேற்றம் போன்ற ஒரு குறிப்பிட்ட பகுதி எவ்வளவு முயன்றும் புரியவில்லை என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் உதவி தேடலாம்.

நீங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். உங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பேராசிரியராலும் அதைச் செய்ய முடியாது. தினமும் இரவு அவரை அழைக்கும்போது, படித்தாயா, எத்தனை மதிப்பெண் வரும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “இன்றைக்கு வகுப்பில் நடத்தியதில் ஒன்றை எனக்குப் புரிகிறமாதிரிச் சொல்லும்மா” என்று கேளுங்கள். பொறியியல் தெரியாத தந்தைக்கு எளிய தமிழில் விளக்க வேண்டுமென்றால், அவர் அதை நினைவிலிருந்து எடுத்து, ஒழுங்குபடுத்தி, தமக்கே எங்கே தெளிவில்லை என்பதைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். உங்களுக்குப் புரியாத இடத்தில் தயங்காமல், புரியவில்லை என்று சொல்லுங்கள். அழைப்பைப் பத்து மணிக்குள் முடித்து, பதினொன்றுக்குள் தூங்கச் சொல்லுங்கள்; படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கம் தேவை. தேர்வுக் காலத்திலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாடப்பிரிவை மாற்றுவது பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இந்த வாரமே அவர் இரண்டு விடைத்தாள்களையும் எடுத்து வைத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதட்டும்: பாடமே புரியவில்லையா, புரிந்தும் நினைவுக்கு வரவில்லையா, கணக்கிடுவதில் பிழையா, நேரம் போதவில்லையா என்று. இரண்டாவது இன்டர்னல் தாள்களிலும் அதையே செய்யட்டும். நினைவு, பிழை, நேரம் ஆகிய காரணங்களே அதிகமாக இருந்தால் அவர் சரியான பிரிவில்தான் இருக்கிறார். முயற்சி எடுத்தும் மின்னணுவியல் சார்ந்த பாடங்களே தொடர்ந்து புரியாமலும் பிடிக்காமலும் இருந்தால், முதல் செமஸ்டர் முடிவுகள் வந்தபின் நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம். அந்த முடிவில் ஒரு பாடம் அரியர் ஆனாலும் அடுத்த பருவத் தேர்வோடு சேர்த்து அதை எழுத முடியும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று கேட்பதால், அதை மூன்றாம் ஆண்டுவரை இழுத்துச் செல்லாமல் இருந்தால் போதும். விடைத்தாள்களின் படங்களையும் அவர் எழுதிய காரணங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால் அந்தக் கடிதத்தை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்.