தப்பட்டை, தைக்கோ, புல்புல்தாரா: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜப்பானிய இசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஆறை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் நாள் முழுக்க அனிமே பாட்டுத்தான் கேட்கிறாள். நம்ம கர்நாடக சங்கீதம் மாதிரி அவங்களுக்கும் பழைய இசைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?
(வாசகி, பெருந்துறை)

இருக்குதுங்க, ரொம்பப் பழசு. ககாகு என்று பேர். சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வந்து அரண்மனையில் தங்கிவிட்ட இசை. இன்றைக்கும் பேரரசரின் அரண்மனைத் துறையில் இதற்கென்றே வித்வான்கள் வேலையில் இருக்கிறார்கள். 752-ல் நாரா நகரத்தின் தோதாய்ஜி கோவிலில் பெரிய புத்தருக்குக் கண் திறந்தார்கள். கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. பல நாட்டு இசையும் ஆட்டமும் அன்றைக்கு அங்கே நடந்தன.

ககாகுவில் ஹிச்சிரிக்கி என்று ஒரு குழல் உண்டு, ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் நம்ம நாகசுரம் மாதிரி அதற்கும் சீவாளி இருக்கிறது, அதைப் பச்சைத் தேநீரில் ஊறவைத்துப் பதமாக்கிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். ஷோ என்று இன்னொன்று. 17 மூங்கில் குழாய்களைக் கொத்தாகச் சேர்த்துக் கட்டியது, ஊதினாலும் சத்தம் வரும், மூச்சை உள்ளே இழுத்தாலும் வரும். மூச்சின் ஈரம் உள்ளிருக்கும் நாக்குகளில் படிந்தால் சத்தம் கெட்டுவிடும் என்பதால் வாசிப்பதற்கு முன்னும் நடுநடுவிலும் அதைக் கணப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டிச் சூடேற்றுவார்கள். நம்ம ஆட்கள் தப்பட்டையை வைக்கோல் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்ப்பார்களே, அதே கவனம். உங்கள் மகளை முதலில் ஷோவைக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்க ஊர் நோம்பிக்கு ஜமாப் செட் வந்திருந்தது. அதைப் பார்த்துட்டு என் மருமகன் செல்போனில் ஜப்பான் தைக்கோ மேளம் போட்டுக் காட்டினார், அசந்துபோய்ட்டேன். இப்படிக் கூட்டமா நின்னு அடிக்கிறது ஆயிரம் வருசப் பழக்கமாங்க?
(வாசகர், காங்கேயம்)

மேளம் பழசுங்க, கூட்டம் புதுசு. கோவிலிலும் நாடகத்திலும் திருவிழாவிலும் தைக்கோ பல நூற்றாண்டாக இருக்கிறது. ஆனால் சின்னதும் பெரிசுமாகப் பல மேளங்களை வைத்து ஒரு குழுவே மேடையேறி அடிப்பது 1951-ல் நாகானோ பக்கம் ஒகுச்சி தைஹாச்சி ஆரம்பித்தது. அவர் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். அப்புறம் 1981-ல் சாதோ தீவில் தொடங்கிய கோதோ குழு அதை உலகம் பூராவும் கொண்டுபோனது.

இதில் நான் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் வேறு. தைக்கோவுக்குப் போர்த்துவது மாட்டுத்தோல். தோல் வேலை செய்தவர்களை அந்த நாடு தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கித் தனிக் குடியிருப்புகளில் வைத்திருந்தது, புராக்கு என்பார்கள். 1871-ல் சட்டத்தில் அந்த வேற்றுமை போனது. கல்யாணத்திலும் வேலையிலும் போகவில்லை. கோவிலில் மேளம் சாமிக்குப் பக்கத்தில் இருக்கும், செய்தவர் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஒசாகாவில் நானிவா என்ற பகுதி தலைமுறை தலைமுறையாக மேளம் செய்த இடம். அங்கே உள்ள பிள்ளைகள் 1987-ல் தாங்களே அடிக்க ஒரு குழு ஆரம்பித்தார்கள், பேர் இக்காரி. கோபம் என்று அர்த்தம்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கம்பத்தாட்டம்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பதினைந்து நாளும் ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆடியிருக்கிறேன், அடி மாறினால் காலும் தானாக மாறும், அவ்வளவு தூரம் அந்தத் தப்பட்டை உடம்பில் ஏறியிருந்தது. கடைசி நாள் காலையில் அடித்தவர்களுக்கு மட்டும் சாப்பாட்டை வேலிக்கு அந்தப் பக்கம் இலை போட்டு வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த அடிகாரர்களில் ஒருவர் பேர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் ஊருக்கு வந்த செட்டில் இருப்பவர்கள் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நோம்பி நோட்டீஸில் அதைப் போடச் சொல்லுங்கள்.

எங்க பனியன் கம்பெனிக்கு வந்த ஜப்பான் பையர், கோத்தோ வாத்தியத்தை நேரில் கேட்டதே இல்லைன்னு சொன்னார். நிஜமாவா இருக்கும்?
(வாசகர், திருப்பூர்)

நிஜமாக இருக்கும். 1879-ல் அந்த அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் என்ன இசை சொல்லித்தருவது என்று பார்க்க ஒரு அலுவலகம் வைத்தது, இசாவா ஷூஜி அதற்குத் தலைவர். அடுத்த வருடமே பாஸ்டனிலிருந்து மேசன் என்ற இசை ஆசிரியர் வந்தார். ஸ்காட்லாந்து மெட்டுக்கு ஜப்பானிய வரி எழுதிப் பிள்ளைகள் பாடினார்கள். அப்படியே ஆர்கனும் பியானோவும் வகுப்புக்குள் வந்தன. 13 தந்தி கோத்தோவும், மூன்று தந்தி ஷாமிசெனும், ஷாகுஹாச்சிப் புல்லாங்குழலும் வெளியே நின்றன. நடுநிலைப் பள்ளியில் ஒரு ஜப்பானிய வாத்தியமாவது தொட்டுப் பழகவேண்டும் என்ற பாடத்திட்டம் 2002-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது பாருங்கள்! ஸ்பீக்கரில் உங்கள் பையர் கட்டாயம் கேட்டிருப்பார்: கண் தெரியாத மேதை மியாகி மிச்சியோ 1929-ல் அமைத்த கோத்தோ இசை புத்தாண்டு சமயத்தில் கடைக்குக் கடை ஒலிக்கும்.

நான் படித்த பள்ளியிலும் பம்பையோ உறுமியோ உள்ளே வந்ததில்லை. இப்போது சாயங்காலமானால் ஊருக்கு ஊர் வள்ளிகும்மி பழகுகிறார்களே, அது பள்ளிக்கூடம் செய்யாததை ஊரே செய்துகொள்வது. எனக்கு அதில் ரொம்ப சந்தோசம்.

கரோக்கே ஜப்பான் கண்டுபிடிப்பா?
(வாசகர், ஈரோடு)

ஆமாங்க. 1971-ல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே என்ற வாத்தியக்காரர் செய்தது. அவர் காப்புரிமை வாங்கவில்லை.

என் தாத்தா உடுக்கை அடித்து அண்ணமார் கதை பாடுவார். இப்போது 81 வயது. இப்படிக் கதை பாடுகிறவர்கள் அங்கேயும் உண்டா?
(வாசகர், சென்னிமலை)

இருந்தார்கள், கோஸே என்று பேர். எல்லோருமே கண் தெரியாத பெண்கள். நீகாத்தா பக்கத்துப் பனியில், முன்னால் போகிறவர் முதுகு மூட்டையில் கை வைத்தபடி வரிசையாக நடந்து ஊர் ஊராகப் போவார்கள். ராத்திரி ஒரு வீட்டில் தங்கினால் ஊரே அங்கே கூடிவிடும், ஷாமிசெனை மீட்டிக் கதை பாடுவார்கள். அந்த மூன்று தந்தியில் தடித்ததை மீட்டினால் ஒரு இரைச்சல் கூடவே எழும், நம்ம தம்புராவில் நூல் வைத்து வரவழைக்கிற ஜீவா மாதிரியே. அந்த மரபில் வந்தவர் கோபாயாஷி ஹாரு. கைக்குழந்தையிலேயே பார்வை போனவர், சின்னப் பெண்ணாகக் கொட்டும் பனியில் நிறுத்திக் குரல் பழக்கினார்கள். 2005-ல் 105 வயதில் காலமானார். அவர் பாட்டைப் பதிவு செய்து வைத்திருப்பதால் இப்போதுள்ள பிள்ளைகள் அதைக் கேட்டுப் பாடுகிறார்கள்.

தாத்தாவை இந்த வாரமே பதிவு செய்யுங்க. செல்போன் போதும். துண்டு துண்டாக வேண்டாம், படுகளம்வரை முழுக் கதையையும் அவர் போக்கிலேயே பாடவிடுங்கள், நடுவில் இருமினாலும் நிறுத்தாதீர்கள்.

அட்டாலியில் பெரியப்பாவின் புல்புல்தாரா கிடந்தது. டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்தது. இது ஜப்பான் சாமான் என்று அப்பா சொல்கிறார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
(வாசகி, கோபி)

போடாதீங்க அம்மணி! அப்பா சொல்வது சரி. இதன் மூலம் தாய்ஷோகோத்தோ, 1912-ல் நாகோயாவில் மொரிதா கோரோ செய்தது. தாய்ஷோ பேரரசர் பட்டத்துக்கு வந்த வருடம், அதனால் அந்தப் பேர். இந்தியாவுக்கு வந்து புல்புல்தாராவாகி நம்ம பஜனை மடம்வரை வந்துவிட்டது. துருப்பிடித்த கம்பியை முறுக்கிப் பார்க்காதீர்கள், அறுந்தால் கண்ணில் படும். எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு, ஆர்மோனியம் சரிசெய்கிறவர் யாரிடமாவது காட்டிப் புதுசு மாட்டச் சொல்லுங்கள், கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் பார்ப்பார். சத்தம் வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்க.