விக்கியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பகுப்பு போடலாம்?

"கட்டுரைகள் கொஞ்சம்தான், ஆனால் பகுப்புகள் பெருகிக்கொண்டே போகின்றன, எப்படி ஒழுங்குபடுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (பகுப்பு என்றால் ஒரே வகைப் பக்கங்களை ஒன்றாகக் காட்டும் தலைப்பு. பக்கத்துக்குள் ஒரு வரி எழுதினால் அது அந்தப் பகுப்பில் சேரும்.) நீங்களும் ஊர் வரலாறோ குடும்ப வரலாறோ எழுத உட்கார்ந்து, எழுதுவதைவிட அடுக்குவதில் ருசி கண்டுவிட்ட ஆள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான்.

எனக்கு ஊர் மொரீசியஸில் காத்ர் போர்ன். வீட்டில் பேசுவது கிரியோல், தமிழ் பள்ளியில் படித்ததுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகன், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளை எங்களுக்கு நிறுவித் தந்தான். கோவில்கள், கரும்புத் தோட்டங்கள், சமையல், உறவுக் குடும்பங்கள் என்று எழுதினோம். 60 பக்கம் சேர்ந்தபோது 84 பகுப்புகள் இருந்தன! காவடிக்குப் பிறகு வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிக்கு மட்டும் ஒன்பது: உணவு, சைவ உணவு, கோவில் உணவு, இலை உணவு... எந்தப் பகுப்பைத் தட்டினாலும் உள்ளே தனியாக அதே ஏழு கறி. வாசகருக்கு அதனால் என்ன பயன்?

எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. நான் "மொரீசியஸ் கோவில்கள்" என்று எழுத, அவன் "மொரிசியசு கோயில்கள்" என்று எழுதினான். மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றைத் திறந்தால் மற்றொன்றுக்குப் போகும்படி வழிமாற்றினால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. பகுப்பு வரி அந்தந்தக் கட்டுரைக்குள் இருப்பதால் கட்டுரைகள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். நீங்கள் பெயரை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரிசையும் நம் அகராதி மாதிரி வராது. எங்கள் விக்கியில் முதலியார் குடும்பம் முன்னாலும் முத்துசாமி குடும்பம் பின்னாலும் நின்றன. இயல்பான அமைப்பில் மென்பொருள் எழுத்தின் குறியீட்டு எண்ணைத்தான் பார்க்கும். அதில் புள்ளி கடைசிப் பக்கம் இருப்பதால் "த்" போய் "த"வுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. நான் கண்டுபிடித்த குறுக்கு வழி, புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு இடைவெளி விட்டு வரிசைச் சொல் கொடுப்பது: [[பகுப்பு:குடும்பங்கள்|முத துசாமி]]. அந்தச் சொல் வாசகர் கண்ணில் படாது. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் என்னைத் திட்டாமல் சொல்லித் தரலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய வம்பு வேறு இடத்தில் வந்தது. "மொரீசியஸ் தமிழர்" என்ற பகுப்பைத் திறந்து, அதன் பக்கத்தில் [[பகுப்பு:மொரீசியஸ் இந்துக்கள்]] என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரே வரிதான். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போன் செய்து கிரியோலில் பொரிந்து தள்ளிவிட்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் அரசியலமைப்பின் அட்டவணையில் சமூகங்கள் நான்கே: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், இந்த மூன்றிலும் சேராத "பொது மக்கள்". தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லாம் முதல் கட்டத்துக்குள். தேர்தல் முடிந்ததும் நாடாளுமன்றத்தில் சமூகங்களுக்குக் கூடுதல் இடங்களைப் பங்கிட இன்னும் 1972 கணக்கெடுப்பைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் மதம் என்ன என்று கேட்டால் "தமிழ்" என்றே எழுதுகிறவர்கள் இங்கே நிறைய. 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வரிசையில் ஒரு படி இறங்கியதற்கே அப்படி. நான் மொத்தமாக இன்னொன்றுக்குள் போட்டிருக்கிறேன்! (இந்துக்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நானும் திருநீறு பூசுகிறவன்தான்.)

பெரியப்பாவின் அரசியலை விடுங்கள். விக்கிக் கணக்கிலும் அது தப்புதான். ஒரு பகுப்பை இன்னொன்றுக்குள் வைத்தால், உள்ளே இருப்பது எல்லாமே வெளியே உள்ளதன் வகை என்று சொன்னதாக ஆகிறது. என் சின்னம்மா கத்தோலிக்கர், செப்டம்பர் வந்தால் பெர் லவால் என்ற பாதிரியாரின் கல்லறைக்கு நடந்தே போகிறவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழரிலேயே கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரையும் ஒரு வரியில் மதம் மாற்றிவிட்டேன். அந்த வரியை நீக்கச் சில விநாடிதான் ஆனது, சின்னம்மாவைச் சமாதானப்படுத்த ஒரு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு ஆட்களைச் சமூகத்தை வைத்துப் பகுப்பதை விட்டேன். ஊர், தோட்டம், கோவில், தொழில் என்று கட்டுரையிலேயே சொல்லியிருப்பதை மட்டும் வைக்கிறேன். குறைந்தது மூன்று கட்டுரை சேராமல் புதுப் பகுப்பு கிடையாது. "மலைக் கோவில்கள்" பகுப்பு "கோவில்கள்" பகுப்புக்குள் இருக்கிறது, அதனால் கட்டுரையில் முதலாவதைப் போட்டாயிற்று என்றால் இரண்டாவது வேண்டாம். கட்டுரைக்கு மூன்று, நான்கு போதும். விக்கிப்பீடியாவில் வேறு கணக்கு இருக்கலாம், அங்கே லட்சக்கணக்கில் கட்டுரைகள். எங்களிடம் இப்போது 14 பகுப்புகள்.

பெரியப்பாதான் இன்னும் விடவில்லை. கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குத் தனிப் பகுப்பு ஏன் இல்லை என்று கேட்கிறார். இருப்பது ஒரே ஒரு கட்டுரை, இன்னும் இரண்டு எழுதித் தாருங்கள், திறக்கிறேன் என்றேன். இதுவரை வரவில்லை.