மாறாத ரேகை, மாறுகிற ஐக்யூ: எதை நம்புவது?

சூரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஏழாவது படிக்கும் மகனுக்குக் கணக்கு ஏறவில்லை. ஒரு இடத்தில் ஐக்யூ 84 என்றார்கள், ஒரு வருஷம் கழித்து இன்னொரு இடத்தில் 91. இப்போது விரல் ரேகையை வைத்தே பிள்ளையின் அறிவைச் சொல்லிவிடலாம், அந்த டெஸ்ட் எடுங்கள், எத்தனை முறை எடுத்தாலும் ஒரே முடிவுதான் என்று ஒருவர் வற்புறுத்துகிறாராம்.

அம்மா, முதலில் 84, 91 பயத்தை விடுங்கள். நம்பகத்தன்மை, அதாவது திரும்ப எடுத்தாலும் அதே முடிவு வரும் தன்மை, 1-க்கு 0.91 உள்ள நல்ல சோதனையிலேயே மதிப்பெண் இருபக்கமும் 9 புள்ளி வரை நகரலாம். 84 என்றால் 75-க்கும் 93-க்கும் நடுவில் எங்கோ என்று அர்த்தம். இதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும், பலர் எழுதுவதில்லை, ஏனென்றால் படிவத்தில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் கட்டம், அது நிரம்பினால் போதும் என்று பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம்.

சரி, ரேகைக்கு வருவோம். செவ்வாய்பேட்டையில் வாங்கின கொலுசைப் பத்து தடவை தராசில் வைத்தாலும் அதே கிராம்தான். அது நம்பகத்தன்மை. அதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது, அதற்கு டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்க வேண்டும். அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது, அப்புறம் ஒரே முடிவு வராமல் வேறென்ன வரும்? அதற்கும் பையனின் கணக்குக்கும் தொடர்பு காட்டும் ஆதாரம் இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆத்தூரிலிருந்து வந்த ஒரு அப்பா வழவழ தாளில் கலர் ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தார், விரலுக்கு ஒரு வட்டப்படம், கடைசிப் பக்கத்தில் பையன் பார்க்கப்போகிற வேலை வரைக்கும் இருந்தது. பையனிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன்.

நல்ல சோதனையும் ஒரு இடத்தில் தவறும்: மொழி. பினே-காமத் என்ற ஐக்யூ சோதனையைக் காமத் அமைத்தது கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து. ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளையிடம் ஆங்கிலக் கேள்வியை அங்கேயே வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்டால், அவன் முழிப்பது சொல் புரியாமல். அங்கே அளக்கப்பட்டது அறிவு இல்லை, பெயர்த்தவரின் தமிழ். அதனால் எந்தச் சோதனை, எந்த மொழியில், பிழை எல்லை எவ்வளவு, எடுத்தவரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஐக்யூ எண் பதில் சொல்லாது. கற்றல் குறைபாட்டுக்கென்று பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தொகுத்த தனி மதிப்பீடு இருக்கிறது, அதை எடுங்கள். அதற்கு முன் பையனின் கண்ணை ஒரு தடவை காட்டிவிடுங்கள், கடைசி பெஞ்சிலிருந்து அவனுக்குப் போர்டு தெரிகிறதா என்று.