சிப்பியும் ஆமை ஓடும் பதித்த பழைய ஸ்பானிய ஆட்சிக்கால அமெரிக்கப் பெட்டிகள்: கேள்வி பதில்

கேள்வி: மாட்ரிட்டில் ஒரு பழம்பொருள் கடையில் சிப்பியும் ஆமை ஓடும் பதித்த பெட்டி பார்த்தேன். ஸ்பெயினில் செய்தது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: விற்கும் இடத்தை வைத்துச் செய்த இடத்தைச் சொல்ல முடியாது. பெட்டி முழுக்கச் சிப்பி மின்னும் இந்த வேலைக்குத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டு லிமா பேர்போனது. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் ஜப்பானிய அரக்குப் பெட்டிகளும் வந்தன. அவற்றின் சாயலை இதில் காணலாம். உள்மரம் அமெரிக்கச் செடாரா என்று பாருங்கள். ஆனால் அது மட்டும் சாட்சியாகாது, அந்த மரமும் கப்பலேறியிருக்கிறது.

கேள்வி: ஆமை ஓடு அசலா என்று ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! லென்ஸ் போதும். அசல் அழுங்காமை ஓட்டில் பழுப்புத் திட்டு நுண்ணிய புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பிளாஸ்டிக்கில் சாயம் இழுத்துவிட்டதுபோல் ஓடும். அசல் என்றால், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வருகிறது, ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான். சான்றிதழை முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் பெட்டியில் இரண்டு சிப்பித் துண்டுகள் எழும்பி நிற்கின்றன. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபெவிகால் வைக்கட்டுமா?

பதில்: இரண்டும் கூடாது. பழைய ஒட்டு பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசை, தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஈரத்துக்கும் வறட்சிக்கும் மரம் விரிந்து சுருங்கும், சிப்பி அப்படி அசையாது. அந்த இழுபறியில்தான் துண்டு கிளம்புகிறது. விழுந்ததை உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். தூசிக்கு மெல்லிய தூரிகை போதும். ஒட்டும் வேலை பழுதுபார்ப்பவருடையது.

கேள்வி: செதுக்கிய கோட்டில் கறுப்பு நிரப்பிய மரப்பெட்டி எந்த ஊர் வேலை?

பதில்: மெக்சிகோவின் வில்லா ஆல்டாவாக இருக்கலாம். படம் அனுப்புங்கள்.

கேள்வி: பாஸ்தோ பார்னிஸ் என்றால் மெருகெண்ணெயா?

பதில்: பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், ஆனால் அது மரப்பிசினை மெல்லிய தாளாக்கி மரப்பொருள்களில் ஒட்டும் அலங்கார வேலை. கொலம்பியாவின் பாஸ்தோ ஊரில் இன்றும் செய்கிறார்கள், 2020-இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. மோப்பா-மோப்பா மரத்து மொட்டின் பிசினைக் கொதிக்க வைத்து, அடித்துத் தூசி நீக்கி, சாயம் சேர்ப்பார்கள். பிறகு இருவர் எதிரெதிரே நின்று கையாலும் பல்லாலும் பிடித்து இழுப்பார்கள். உருண்டையாக இருந்தது கண்ணாடித்தாள் போல மெலிந்துவிடும்! அதைப் பூவாகவும் பறவையாகவும் வெட்டி, தனிப் பசை இல்லாமல் சூட்டிலேயே மரத்தில் ஒட்டுவார்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் அடியில் வெள்ளித்தாள் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பறவையின் இறகு உள்ளிருந்து ஒளிரும்.