ஒளிவாள் கைப்பிடியில் குமிழ் லென்ஸா, தங்கக் கோடுகளா?

ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடியைச் செய்துவரும் வாசகர் ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுப்பியிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றி இறுக்கும் பிடிவளையத்தில் செருகப்பட்ட பட்டை ஒரு படத்தில் கண்ணாடிக் குமிழ்களாகவும், இன்னொன்றில் தங்க நிறக் கோடுகளாகவும் தெரிகிறதே, எது சரி என்பது முதலாவது. விற்பனையாளர் ஒருவர் காட்டும் பழைய சர்க்யூட் போர்டில் உள்ள ஐசியின் (கால்கள் கொண்ட சிறிய மின்னணுச் சில்லு) மேல் 7432 என்று இருப்பதால், அது 1974ஆம் ஆண்டுப் பொருள்தானா என்பது இரண்டாவது.

இரண்டு பட்டைகளுமே சரியானவை, திரைப்படங்கள்தான் வேறு. கைப்பிடியின் உடல், அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷின், மூன்று பெரிய டார்ச் பேட்டரிகள் அடங்கும் குழாய். 1977இல் வெளிவந்த முதல் படத்துக்காக, அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், அந்தக் குழாயின் வளையத்தில் கால்குலேட்டரின் குமிழ் லென்ஸ் பட்டையைச் செருகினார். 1980இல் வந்த அடுத்த படத்தின் கைப்பிடியில் அதே இடத்தில் இருப்பது சர்க்யூட் போர்டின் விளிம்பிலிருந்து வெட்டிய, தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள் வரிசையாக நிற்கும் துண்டு. ஆகவே எந்தப் படத்தின் கைப்பிடியைச் செய்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். இரண்டையும் கலந்து செய்தவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குமிழ்கள் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. 1970களின் தொடக்கத்தில் எல்.இ.டி. விலை கூடியதாகவும் பேட்டரியை விரைவில் தீர்ப்பதாகவும் இருந்ததால், கால்குலேட்டரின் எண்களை மிகச் சிறியதாக அமைத்து, ஒவ்வோர் எண்ணின் மேலும் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார்கள். இந்த லென்ஸ் பட்டை கால்குலேட்டருக்குக் கால்குலேட்டர் மாறும் என்பதால், "பழைய கால்குலேட்டர் லென்ஸ்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கைப்பிடியின் புகைப்படத்தில் குமிழ்களை எண்ணுங்கள். பிறகு, வளையத்தின் உயரத்துக்கும் ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரையுள்ள தூரத்துக்கும் இடையிலான விகிதத்தைக் கணக்கிட்டு, உங்கள் கையிலுள்ள வளையத்தின் உண்மை அளவால் அதைப் பெருக்குங்கள். பட்டையின் அகலத்தை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். உருளையின் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் பட்டை, படத்தில் உண்மை அகலத்தைவிட ஒடுங்கித் தெரியும்.

வேறு அரங்கப் பொருள்களில் ஐசி தெரிந்தால் வேலை இன்னும் எளிது. வழக்கமான பழைய ஐசியின் அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. இருக்கும்; 14 கால் ஐசியில் ஒரு பக்கத்தின் முதல் காலிலிருந்து ஏழாவது கால் வரை 15.24 மி.மீ. படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த 7432. அது ஆண்டைக் குறிப்பது என்று அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். 7400 வரிசையைச் சேர்ந்த ஐசிகளில் 7432 என்பது நான்கு 'ஆர்' (OR) கேட்டுகளை, அதாவது உள்ளீடுகளில் ஏதேனும் ஒன்று இயங்கினாலும் வெளியீடு தரும் சுற்றுகளைக் கொண்ட ஐசியின் பெயர். முன்னால் எஸ்என் என்ற எழுத்துகள் இருந்தால், பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. தயாரிப்புத் தேதி தனியாக நான்கு இலக்கங்களில் இருக்கும்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். எனவே எஸ்என்7432என் என்பதற்குக் கீழே 7638 என்றிருந்தால், அது 1976ஆம் ஆண்டின் 38ஆம் வாரத்தில், அதாவது செப்டம்பரில் செய்யப்பட்டது. முதல் படத்தின் படப்பிடிப்பு அதே ஆண்டு மார்ச்சில் துனிசியாவில் தொடங்கிவிட்டதால், அந்தப் போர்டை அப்படத்தின் காலத்துப் பொருள் என்று விற்பவரிடம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். 7473 போன்ற எண் தேதியாக இருக்கவே முடியாது. ஆண்டில் 73 வாரங்கள் கிடையாது.

என் யோசனை: இயங்கும் கால்குலேட்டரை உடைக்காமல், ரெசினில் வார்த்த லென்ஸ் பட்டையை வாங்குங்கள், வளையத்தில் செருகியபின் வேறுபாடு தெரியாது. தங்கக் கோட்டுப் பட்டைக்குக் கெட்டுப்போன போர்டே போதும். அதை வெட்டும்போது கண்ணாடியிழைத் தூள் பறக்குமென்பதால், முகக்கவசம் அணிந்து, அறுக்கும் இடத்தை நீரால் நனைத்துக்கொண்டே அறுங்கள்.