சிங்கப்பூர் போக ப்ரீபெய்டை விட்டு போஸ்ட்பெய்டுக்கு மாறலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம், நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். எனக்கு, மனைவிக்கு, பட்டன் போன் வைத்திருக்கும் 80 வயது அம்மாவுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு என்று நான்கு ப்ரீபெய்டு நம்பருக்கும் 28 நாளுக்கு ஒருமுறை 299 ரூபாய் போடுகிறேன். தை மாதம் நானும் மனைவியும் மகளுடன் இரண்டு மாதம் இருக்க சிங்கப்பூர் போகிறோம். "ஃபேமிலி போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள், வெளிநாட்டுக்கும் அதுதான் வசதி" என்கிறார் மைத்துனர். மாறலாமா?

பதில்: வேண்டாம் சார். உங்கள் பணம் போவது ப்ரீபெய்டால் இல்லை, நாலு பேருக்கும் ஒரே பேக்கைப் போடுவதால்.

முதலில் அந்த 28 நாள். வருடத்துக்கு 12 ரீசார்ஜ் என்றுதான் மனக்கணக்கு போட்டிருப்பீர்கள், ஆனால் விழுவது 13. அதாவது ஒரு நம்பருக்கு 3,887 ரூபாய், நாலுக்கும் சேர்த்து 15,548. முப்பது நாள் பேக் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்று எல்லா கம்பெனிகளும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-லேயே டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டுவிட்டது. கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் பட்டன் போனுக்கு தினமும் டேட்டா எதற்கு? ராத்திரி 12 மணியானால் அன்றைய டேட்டா அப்படியே போய்விடும், அதற்குத்தான் வருடம் முழுக்கக் காசு கட்டுகிறீர்கள். பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று இந்த பேக்குகளை வைத்தார்கள். விலை அவ்வப்போது மாறும், போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 336-ஐ வருட பேக் என்று நினைத்துவிடாதீர்கள், அது 28 நாள் × 12 தான், அதே பழைய வித்தை! 1,849 என்றே வைத்தாலும் அம்மா நம்பரில் மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம்.

மகனுடைய தமிழ்நாடு சிம் பெங்களூரில் கூடுதல் செலவில்லாமல் வேலை செய்யும், மாற்றத் தேவையில்லை. சம்பாதிக்கிற பிள்ளை தன் ரீசார்ஜைத் தானே போட்டுக்கொள்ளட்டும், அது தனிக் கதை.

போஸ்ட்பெய்டில் விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18% ஜிஎஸ்டி வரும். 449 என்று போட்டிருந்தால் பில் சுமார் 530. ப்ரீபெய்டு விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். அதைவிட முக்கியம், வெளிநாட்டில் ஏதாவது தப்பாகிவிட்டால் ப்ரீபெய்டில் போவது நீங்கள் போட்டு வைத்த பணம் மட்டும்தான், போஸ்ட்பெய்டில் பில் வந்த பிறகுதான் எவ்வளவு என்று பார்ப்பீர்கள்.

இப்போது சிங்கப்பூர். அங்கே இந்திய சிம்முக்கு ஒரே வேலைதான், வங்கி ஓடிபி வாங்குவது. அதற்கு நம்பர் உயிரோடு இருந்தால் போதும். கிளம்புவதற்கு முன் 84 நாள் வேலிடிட்டி உள்ள, பேச மட்டுமான பேக் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்கு அது தாராளம். இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே ஆன் செய்துவிடுங்கள். எஸ்.எம்.எஸ். வருவதற்குத் தனி ரோமிங் பேக் வேண்டுமா என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. அந்த சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், ரோமிங் பேக் இல்லாமல் எடுத்தால் பேசுகிற உங்களுக்கும் காசு. தெரிந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலிடிட்டி தீர்ந்த நம்பரை "வந்து பார்த்துக்கலாம்" என்று நீண்ட நாள் விட்டுவிடாதீர்கள். ஒரு நம்பரைத் துண்டித்தால் 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகு உங்கள் பென்ஷன் கணக்கின் ஓடிபி யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டேட்டாவுக்கு சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 ஏதாவது ஒன்றில் உள்ளூர் ப்ரீபெய்டு சிம். சாங்கி விமான நிலையத்தில் விற்கும் டூரிஸ்ட் சிம்கள் குறைந்த நாள் தங்குபவர்களுக்கானவை, உங்களுக்கு இரண்டு மாதம். மகள் வீட்டில் வைஃபை இருக்குமல்லவா, நிதானமாக ஒருநாள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் சாதாரண ப்ரீபெய்டு கார்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று தேவையா என்றுகூட யோசிக்கலாம், சேர்ந்தே வெளியே போனால் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் முடிந்தது.

இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு அந்த சிம்மைப் போடாதீர்கள், இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். கழற்றினால் யுபிஐ ஆப் மறுபடி பதிவு செய்யச் சொல்லலாம், அதற்கு இந்திய நம்பரிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்பியாக வேண்டும், ரோமிங்கில் அதற்கும் காசு. வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும்.

மகள் வீடு உட்லண்ட்ஸ் பக்கம் என்றால் இன்னொன்று: கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாரு, போன் சில நேரம் மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த உள்ளூர் சிம்மிலும் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து வையுங்கள்.